மழைக்கு முன் ரோட்டோர மண்: தாருக்கு ஒரு அங்குலம் மேலயா, சமமாவா?

மூணேமுக்கால்:
நேத்து இங்க ஒருத்தர் பெரிய யோசனை எழுதியிருந்தார். "ஐப்பசி மழைக்கு முன்னாடி தார் ரோட்டோரம் கிராவல் கொட்டி, தாரை விட ஒரு அங்குலம் உசரமா விட்டுடுங்க, மழை பெஞ்சா தானா அமுங்கிடும்" என்று. அதுக்குக் கைதட்டல் வேற. கீழ டெல்டாவுல ஒன்றிய ரோடெல்லாம் விளிம்பு உடைஞ்சு கிடக்குதே, அதுக்குக் காரணமே இந்த ஒரு அங்குலம்தான்.

ஒத்தைத் தட ரோட்டுல தார் அகலம் 3.75 மீட்டர். வருஷத்துக்கு 1000 மி.மீ.க்கு மேல மழை பெய்ற பகுதியில மெல்லிசான தார்த்தளத்துக்குக் கேம்பர், அதாவது நடுவுலேர்ந்து ஓரத்துக்குச் சாய்வு, 3.5 சதவீதம். நடுவுலேர்ந்து விளிம்புக்கு ஆறரை செ.மீ. இறக்கம். அப்படித் தண்ணியை ஓரத்துக்கு அனுப்பிட்டு, ஓரத்துல ஒரு அங்குலத்துக்கு வரப்பு கட்டினா விளிம்பிலேர்ந்து 70 செ.மீ. வரைக்கும் தண்ணி நிக்கும். டூவீலர் போற தடமே அதுதான். நின்ன தண்ணி தாரை ஜல்லியிலேர்ந்து உரிக்கும், கீழ இருக்கிற களிமண் ஊறும், அப்புறம் ஒரு லோடு டிராக்டர் ஏறினா போதும். பெர்ம், அதாவது இந்த ரோட்டோர மண், தாருக்குச் சமமா ஆரம்பிச்சு வெளிப்பக்கம் 4 சதவீதம் சாயணும்.

வெண்ணாத்தங்கரை:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லி எழுதலாமே, என்ன பயம்?

தளர்வாக் கொட்டுற கிராவல் அஞ்சுல ஒரு பங்கு அமுங்கும். 10 செ.மீ. பள்ளத்தைத் தார் மட்டத்துக்கே நிரப்பினா ரெண்டு மழையில 2 செ.மீ. இறங்கிடும். பஸ் அகலம் இரண்டரை மீட்டர், மிச்சம் ஒண்ணேகால் மீட்டர். எதிர்ல வர்ற பைக் மண்ணுல இறங்கித்தான் ஆகணும். திரும்ப ஏறும்போது முன்சக்கரம் விளிம்பை உரசும், வண்டி அப்படியே பஸ் பக்கம் சாயும். பின்னாடி பிள்ளையோட உக்காந்திருக்கிற பொம்பளைதான் முதல்ல விழுவா. அதுக்குத்தான் ஒரு அங்குலம் மேல. உங்க சதவீதக் கணக்குல அந்தப் பொம்பளை எங்க வர்றா?

மூணேமுக்கால்:
மழை மண்ணை அமுக்காது சார், கரைக்கும். அமுக்குறது ரோலர். பழைய பெர்ம்ல புல்லைச் செதுக்கி, மண்ணைக் கொத்திவிட்டு, அப்புறம்தான் கிராவல். கொத்தாமக் கொட்டினா மேல்மண் தனியா வழுக்கி வாய்க்கால்ல போய்ச் சேரும். ஈரம் சரியா இருக்கணும்: கையில பிடிச்சா உருண்டை நிக்கணும், உள்ளங்கையில ஒட்டக்கூடாது. 8-10 டன் ரோலரை வெளி ஓரத்துல ஆரம்பிச்சுத் தார்ப் பக்கமா கொண்டுவரணும். அப்படி இறுக்கின மண்ணு இறங்காது. இறங்காத மண்ணுக்கு ஒரு அங்குலம் எதுக்கு?

கப்பிரோடு:
ரோலரா? டெண்டர் காகிதத்துல இருக்கும். ஊர்ல டிப்பர் கொட்டிட்டுப் போகும், பின்னாடியே ஜேசிபி வாளியால ரெண்டு தட்டு. அவ்வளவுதான் உங்க எட்டு டன்.

வெண்ணாத்தங்கரை:
அதைத்தான் நானும் சொல்றேன்! ரோலர் வராத ஊருக்கு ஒரு அங்குலம் மேல.

மூணேமுக்கால்:
ரோலர் வரலைன்னா வரவைங்க. இல்லைன்னா வாடகைக்குத் தட்டு அதிர்வி கிடைக்கும், 10 செ.மீ. அடுக்கா இறுக்கலாம். தப்பான வேலைக்கு ஏத்த மாதிரி ஒரு தப்பான அளவைச் சொல்லிக்கொடுக்காதீங்க.

சாலைப்பிரியன்:
ஏன் இவ்வளவு சண்டை? பிளாஸ்டிக் ரோடு போட்டாத் தண்ணியே இறங்காது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடிச்சது, 2018ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

மூணேமுக்கால்:
அவர் மேல பெரிய மரியாதை உண்டு தம்பி. சூடான ஜல்லி மேல துண்டாக்கின பிளாஸ்டிக்கைத் தூவி உறையாக்கி, அப்புறம் தார் கலக்குறது அந்த முறை. தார் எடையில 6-8 சதவீதம் பிளாஸ்டிக். ஜல்லியிலேர்ந்து தார் உரியறது குறையும், சரி. ஓரத்துல நிக்கிற தண்ணி பக்கவாட்டுல களிமண்ணுக்குள்ள இறங்குமே, அதைப் பிளாஸ்டிக் எப்படித் தடுக்கும்? மறுபடி அதே ஒரு அங்குலம்.

வெண்ணாத்தங்கரை:
உங்க 4 சதவீதத்துக்கே வர்றேன். மண்ணோரமும் சேர்த்து 7.5 மீட்டர் ரோட்டுல ரெண்டு பக்கமும் 1.875 மீட்டர் பெர்ம் இருக்கணும், புத்தகத்துல. நிஜத்துல ஒரு பக்கம் வயல்காரர் வரப்பைச் செதுக்கிச் செதுக்கி ரோட்டுக்கு வந்துட்டார், மறுபக்கம் வாய்க்கால் அரிச்சுடுச்சு. ஒரு மீட்டர் இருந்தா அதிகம்.

மூணேமுக்கால்:
ஒரு மீட்டர்னா 4 செ.மீ. இறக்கம். கணக்கு மாறாது. 10 செ.மீ. பள்ளத்தைச் சாய்வோட நிரப்பினா சராசரி கனம் 8 செ.மீ. ரெண்டு பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு 160 கன மீட்டர். தளர்வா 200, சுமார் 70 யூனிட். அந்தக் கூடுதல் 40 கன மீட்டர்தான் அமுங்குறதுக்கு. அதை ரோலர் போட்டு அன்னிக்கே அமுக்கணும், மேட்டா விட்டுட்டு வீட்டுக்குப் போகக்கூடாது. வாய்க்கால் பக்கம் சரியாம இருக்க அடியில சவுக்குக் குச்சி அடிச்சுத் தட்டி கட்டணும்.

வயக்காட்டான்:
எல்லாத்துக்கும் வயல்காரன்தானா? சேத்துழவு இரும்புச் சக்கரமான கேஜ் வீலைக் கழட்டாம டிராக்டரைத் தார்ல ஓட்டுறதும், செயின்ல ஓடுற அறுவடை வண்டியை டிரெய்லர்ல ஏத்தாம இறக்கிவிடுறதும் வாடகைக்கு விடுறவங்க. திட்டு வாங்குறது நாங்க. குழாய்ப் பாலத்துல ஆகாயத்தாமரை அடைச்சுக் கிடக்கு, அதை எடுத்தாலே பாதி ரோடு தப்பிக்கும்.

கப்பிரோடு:
குழாய் வாயில சாக்கு மூட்டை வச்சு அடைக்கிறது யாரு அண்ணே? ஆகாயத்தாமரையா? ரோட்டுல பாதிக்கு நெல்லைக் காயவச்சு, ஓரத்துல கல்லை அடுக்கி, ராத்திரி அப்படியே விட்டுட்டுப் போறது?

வயக்காட்டான்:
கொள்முதல் நிலையத்துல 17 சதவீத ஈரத்துக்கு மேல எடுக்க மாட்டேன்னா எங்க காயவைக்கிறது? களம் கட்டிக் குடுங்க, ரோட்டுக்கு வரலை.

வெண்ணாத்தங்கரை:
திரியைத் திருப்பாதீங்க. மூணேமுக்கால் சார் எப்பவுமே இப்படித்தான். வேகத்தடைத் திரியிலயும் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உசரம்னு ஒத்தைக்கால்ல நின்னார். பள்ளிக்கூடத்து வாசலுக்கு உடனே ஏதாவது வேணும்னு கேட்ட அம்மாக்களுக்குக் கடைசி வரைக்கும் பதில் சொல்லலை.

மூணேமுக்கால்:
பதில் சொன்னேன், நீங்க படிக்கலை. அரை மீட்டர் அகலத்துல மொட்டையா ஒரு மேடு வச்சா 108 வண்டியில போற கர்ப்பிணிக்குத்தான் அடி. இப்பவும் அதே அவசர புத்திதான்.

சாலைப்பிரியன்:
பெர்ம் இருக்கட்டும். நடுரோட்டுக் குழியை மழைக்குள்ள எப்படி அடைக்கிறது? எங்க பக்கம் செம்மண் கொட்டுறாங்க.

மூணேமுக்கால்:
செம்மண் கூடவே கூடாது, சேறாகி வழுக்கும். மழை விட்ட நாள்ல குழியைச் சதுரமா, ஓரம் செங்குத்தா வெட்டணும். தண்ணியையும் தூசியையும் சுத்தமா எடுக்கணும். எமல்ஷன் (தண்ணியில கலந்த தார்) அடிச்சு, பழுப்பு நிறம் கறுப்பாகுற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் கலவை. அவசரத்துல பழுப்பு மேலயே கொட்டினா ஒட்டாது, ஒரு வாரத்துல பெயர்ந்துடும். மழை விடவே இல்லைன்னா ஒன்றரை அங்குல ஜல்லியும் கிரஷர் தூளும் போட்டு இடிச்சு வைக்கலாம், அது தற்காலிகம்தான். தண்ணி மூடின குழிக்குப் பக்கத்துல சிவப்புத் துணி கட்டின கம்பு கட்டாயம் நடணும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்துல போட்ட ரோடுன்னா அஞ்சு வருஷம் ஒப்பந்ததாரர்தான் பராமரிக்கணும். பலகையில தேதியைப் பார்த்துட்டு மனு எழுதுங்க.

வெண்ணாத்தங்கரை:
பார்த்தீங்களா? ரோட்டுக்கு நடுவுல தற்காலிக வேலை செய்யலாமாம். ஓரத்துல நான் சொன்னா மட்டும் குத்தம்!

மூணேமுக்கால்:
நடுவுல வச்ச ஜல்லி தண்ணியை மறிக்காது. உங்க ஒரு அங்குலம் மறிக்கும்.

வெண்ணாத்தங்கரை:
மறிச்சா மம்பட்டியால பத்தடிக்கு ஒரு வெட்டு விட்டா வடிஞ்சுடும். வண்டி சாய்ஞ்சு பஸ்ஸுக்கு அடியில போனவனை எந்த மம்பட்டியால எடுப்பீங்க? ஒரு அங்குலம் மேலதான்.

மூணேமுக்கால்:
பத்தடிக்கு ஒரு வெட்டா? அந்த வெட்டுலதான் ராத்திரி பைக் சக்கரம் இறங்கும். சமமா, இறுக்கி, 4 சதவீதம். எத்தனை தடவை கேட்டாலும் இதுதான்.

கப்பிரோடு:
ரெண்டு பேரும் இதையே கார்த்திகை வரைக்கும் எழுதுங்க. எங்க ரோட்டுக்கு இன்னும் கிராவலே வரலை.