பண்டிகை நேரத்தில் பெரியவர்களைத் தேடி வரும் ஏமாற்று: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

கணியம்பாடியிலிருந்து ஒரு மகள்:

என் அப்பா ராணுவத்தில் 24 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். கம்மவான்பேட்டையைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் ராணுவத்துக்குப் போனவர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால், நவம்பர் நெருங்கினாலே திண்ணைப் பேச்சு, பென்ஷன் வாங்குபவர் உயிரோடிருப்பதைக் காட்ட ஆண்டுதோறும் தர வேண்டிய வாழ்நாள் சான்றிதழைப் பற்றியதாகிவிடும். 2024இல் தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. ஒரு பக்கம் பண்டிகைச் செலவு, மறு பக்கம் சான்றிதழ்க் கவலை என்ற அந்த நெருக்கடியைக் கணக்குப் போட்டுத்தான் அந்த அழைப்பு வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, அம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தபோது அப்பாவின் தொலைபேசி ஒலித்தது. பேசியவன் அப்பாவின் பி.பி.ஓ. எண்ணையும் (ஓய்வூதிய ஆணை எண்) ஓய்வு பெற்ற தேதியையும் தானே சொல்லிவிட்டு, சான்றிதழ் பதிவாகவில்லை என்றும், மதியத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும் என்றும், இப்போது வரும் ஓடிபியைச் சொன்னால் போதும் என்றும் மிகுந்த மரியாதையோடு கூறினான். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, நின்றபடியே பேசினார். அதிகாரியிடம் அப்படிப் பேசித்தான் அவருக்குப் பழக்கம். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் அந்த ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக எழுதினார். "யாருங்க?" என்று வந்த அம்மாவைக் கையமர்த்தி, "இரு, ஆபீஸ்ல இருந்து சார் பேசுறார்" என்றார். அம்மா விடவில்லை. தொலைபேசித் திரையை எட்டிப் பார்த்தவர், ஓடிபி வந்த அதே செய்தியில் 49,000 ரூபாய் என்று இருப்பதைப் படித்துவிட்டு, பாகு ஒட்டிய விரலாலேயே இணைப்பைத் துண்டித்தார்.

பணம் தப்பியது. ஆனால் அன்று மாலை நான் செய்ததைத்தான் இங்கே எழுத வேண்டும். "நாடு முழுக்கச் சுற்றிய நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்று அப்பாவை உரக்கக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே கேஒய்சி, அதாவது வங்கிக்கான வாடிக்கையாளர் விவரச் சரிபார்ப்பு என்று சொல்லி ஒருவன் அவரிடமிருந்து 9,500 ரூபாயைப் பறித்திருந்த செய்தி, நான் அப்படிக் கேட்டு ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுச் சித்தப்பா மூலம்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் அப்பாவே சொல்லியிருக்கிறார்: "பொண்ணு திட்டும்." 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தகவல் போனால், பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறிக் கரைவதற்குள் அதை முடக்குவதற்கு வாய்ப்பு உண்டு. அப்பா ஒரு மணி நேரத்தில் சொல்லியிருக்க வேண்டியதை மாதக்கணக்கில் மனத்துக்குள் வைத்திருந்ததற்கு என் நாக்குதான் காரணம்.

இப்போது எங்களிடையே ஒரு பேச்சு இருக்கிறது: பணம், பென்ஷன், ஓடிபி என்று யார் பேசினாலும் அவர் வைத்துவிட்டு என்னை அழைப்பார்; நான் எந்தக் கேள்வியும் கேட்காமல் முதலில் கேட்டுக்கொள்வேன். சான்றிதழுக்கு, அஞ்சல்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய் கட்டணத்தில் கைரேகை வைத்துப் பதிந்து தருகிறார். அதற்காக யாரும் தொலைபேசியில் எந்த எண்ணையும் கேட்க வேண்டியதில்லை.

குடியாத்தத்திலிருந்து ஒரு பேரன்:

மேலே சொன்ன "பொண்ணு திட்டும்" என்பதைப் படித்ததும் எங்கள் ஆயாவின் நினைவு வந்தது. தீபாவளிச் சீட்டில் மாதம் 500 ரூபாய் வீதம், மூன்று பேரப்பிள்ளைகளின் பெயரிலும் தனித்தனி அட்டை போட்டிருந்தார். வெள்ளிக்காசு, பித்தளை அண்டா, பட்டாசுப் பெட்டி, இனிப்பு எல்லாம் பண்டிகைக்கு முன் கைக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள்; வந்தது பூட்டிய கடை. அட்டைகளை மஞ்சள் பையில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, ஆயா யாரிடமும் வாய் திறக்கவில்லை. தெருவில் பணம் வசூலித்த பெண் தூரத்து உறவு என்பதால், "அவளும் ஏமாந்தவதானே, அவமேல எப்படிக் கேஸ் குடுக்கிறது?" என்பதுதான் அவருடைய கவலை. நடத்தியவர்மீது பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம், முதலீட்டாளர்களைப் பாதுகாக்கும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் அவருடைய சொத்தை முடக்கவும் வழியிருக்கிறது என்று பொறுமையாகச் சொன்ன பிறகுதான் அட்டைகள் பானையிலிருந்து வெளியே வந்தன. அந்த அட்டைகள்தான் சான்று என்பதால் தொலைக்காமல் வைத்திருப்பது முக்கியம். அதற்குள், சீட்டுப் பணத்தை மீட்டுத் தருவதாகவும் முதலில் 2,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றும் ஒருவன் ஆயாவை அழைத்திருக்கிறான். ஒருமுறை ஏமாந்தவர்களைத் தேடி இரண்டாவது ஆள் வருவான் என்பதையும் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்.

வாலாஜாபேட்டையிலிருந்து:

தனியாக வசிக்கும் என் பெரியம்மா ஓய்வு பெற்ற ஆசிரியை. பொங்கலுக்கு முந்தைய வாரம், போலீஸ் உடையில் ஒருவன் வீடியோ அழைப்பில் வந்து, அவருடைய ஆதாரில் குற்றவழக்கு இருப்பதாகச் சொல்லி, கேமராவை அணைக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரச் சொல்லியிருக்கிறான். இப்படி வீடியோ அழைப்பிலேயே மிரட்டி உட்கார வைப்பதை 'டிஜிட்டல் கைது' என்கிறார்கள்; அப்படிச் சட்டத்தில் எதுவுமே இல்லை. பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் இதைச் சொன்னார். பெரியம்மாவும் அதைக் கேட்டவர்தான், ஆனால் அந்த நேரத்தின் பயத்தில் அது நினைவுக்கு வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வாசலில் கீரைக்காரம்மாவின் குரல் கேட்டதும், மடியிலிருந்த நோட்டில் "போலீஸ் பேசுறாங்க, வெளியே விடமாட்டேங்கிறாங்க" என்று கேமராவுக்குத் தெரியாமல் எழுதி, சன்னல் கம்பி வழியாக நீட்டியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா, தாளை எதிர்வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். எதிர்வீட்டார் வந்து இணைப்பைத் துண்டித்தபோது, பெரியம்மா வங்கிப் புத்தகத்தை எடுத்து வைத்திருந்தார். அந்தக் கீரைக்காரம்மாவின் எண் இப்போது எங்கள் குடும்பத்தில் எல்லோரிடமும் இருக்கிறது.