புதுப்பிப்பு: 2011 ஐ10 டைமிங் பெல்ட் மாற்றியாகிவிட்டது

பழைய ஹூண்டாய் ஐ10 கார் (1.1 லிட்டர் பெட்ரோல்) வாங்கியிருக்கிறேன், 52,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது, சர்வீஸ் ரசீது எதுவும் இல்லை, டைமிங் பெல்ட்டை (எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பல் உள்ள ரப்பர் பெல்ட்) இப்போதே மாற்றுவதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஒரு தெளிவு. “அதில் செயின்தானே, மாற்றவே வேண்டாம்” என்றவர் சொன்னது இதே காரின் 1.2 லிட்டர் ‘கப்பா’ எஞ்சினுக்குப் பொருந்தும். 1.1-இல் இருப்பது பெல்ட்.

“கிலோமீட்டரை விடுங்கள், வயதைப் பாருங்கள், மேல்மூடியைக் கழற்றிப் பெல்ட்டை வளைத்துப் பாருங்கள்” என்ற யோசனைதான் கைகொடுத்தது. வெளிப்புறம் புதிதுபோல் இருந்தது. வளைத்ததும் பற்களின் அடியில் வரிவரியாக வெடிப்பு. ரப்பர் ஓடாமல் நின்றாலும் மூப்படையும். அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும் வகை எஞ்சின் என்று மெக்கானிக் சொன்னபின் யோசிக்க ஒன்றுமில்லை.

எதிர்பாராதது: கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஆயில் சீல் கசிந்து பெல்ட்டின் ஓரம் எண்ணெயில் ஊறியிருந்தது. சீலையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றினோம். சீல் விலை அற்பம். பிறகு அதற்காக மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவதற்கான கூலிதான் வலிக்கும். பெல்ட் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வந்த ‘கிரீச்’ சத்தம் மட்டும் போகவில்லை. அது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் வேறொரு பெல்ட்டின் வேலை. பல் உள்ள டைமிங் பெல்ட் அப்படி வழுக்கிக் கத்தாது. அதையும் இறுக்கிய பிறகு சத்தம் நின்றுவிட்டது.