கருத்துக் கேட்பு: மண்டபத்திலா, போனிலா?

தமிழினி_84: அண்ணே, வடிகால் திட்டக் கூட்டத்தை மண்டபத்தில் மட்டும்தான் நடத்தவேண்டும் என்ற உங்கள் மனுவில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். கொரோனாவுக்கு முன்னால் புதன்கிழமை காலை 11 மணிக்குக் கூட்டம் வைப்பார்கள், வேலைக்குப் போகிறவள் எப்படி வருவது? 2021-இல் ஜூமில் நடந்தபோதுதான் முதல்முறையாகப் பேசினேன், அடுப்பில் தோசை வேகும்போதே, எங்கள் முனையில் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று. குறித்துக்கொண்டார்கள்.

காசிமேட்டான்: சரிம்மா, எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு ஒரு போன், அதிலும் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு. வரைபடத்தை பிடிஎஃப்பாக அனுப்பினார்கள், எவ்வளவு பெரிதாக்கியும் எங்கள் சர்வே எண் தெரியவில்லை. சுவரில் ஒட்டியிருந்தால் பத்துப் பேர் விரல் வைத்துக் காட்டியிருப்போம். மத்திய அரசின் 2020 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவும் அப்படித்தான். திட்டங்களால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே பார்ப்பதற்கான விதிகளின் வரைவு அது, பெரிய கட்டுமானங்களுக்கும் சேர்த்துத்தானே எழுதினார்கள்? ஊரடங்கில் மின்னஞ்சலில் கருத்துச் சொல் என்றார்கள், தமிழில் வரைவே இல்லை. டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லித்தான் ஆகஸ்ட் 11 வரை அவகாசம் கிடைத்தது.

தமிழினி_84: தமிழில் போடாதது அவர்கள் தப்பு, இணையம் என்ன செய்யும்? அதே வரைவுக்கு லட்சக்கணக்கில் மின்னஞ்சல் போனது. எந்த மண்டபம் அத்தனை பேரைத் தாங்கும்?

புரூக்ளின்_வாசி: இங்கே நியூயார்க்கின் புரூக்ளினில், கோவானஸ் பகுதியில் 82 பிளாக்குகளின் (தெருக்களுக்கு இடைப்பட்ட மனைத் தொகுதிகளின்) நில உபயோகத்தை மாற்றும் திட்டம் வந்தது. மக்கள் கருத்துக் கேட்பை இணையத்தில் மட்டும் வைக்கப்போனதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். கடைசியில் 2021-இல் பூங்காவில் நேரிலும் இணையத்திலும் சேர்த்தே நடந்தது. திட்டம் நவம்பரில் நிறைவேறிவிட்டது, ஆனால் இணையம் இல்லாதவரும் வந்து பேசினார்.

காசிமேட்டான்: அதைத்தான் சொல்கிறேன். ஜூமில் என்னைப் பாதியில் ம்யூட் செய்தார்கள், யாருக்கும் தெரியவில்லை. மண்டபத்தில் மைக்கைப் பிடுங்கினால் பக்கத்தில் நிற்கிற நாலு பேர் கேட்பார்கள். 2022 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டில் பகுதி சபை, அதாவது வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் நேரில் கூடிப் பேசும் கூட்டம், தொடங்கியபோது எனக்கு அதனால்தான் அவ்வளவு நிம்மதி.

தமிழினி_84: பகுதி சபை வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ‘மட்டும்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ஞாயிறு மாலை என்று சேர்த்து எழுதுங்கள் அண்ணே, கையெழுத்துப் போடுகிறேன்.

காசிமேட்டான்: ஞாயிறு சேர்க்கிறேன். ‘மட்டும்’ இருக்கட்டும். அதை எடுத்தால் அடுத்த தடவை மண்டபமே இருக்காது.