புதுப்பிப்பு: தைராய்டு இல்லை, பிசிஓஎஸ்தான் (சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லப்படும் ஹார்மோன் கோளாறு)

ஒரு வருடமாகப் பீரியட்ஸ் 50 நாள்வரை தள்ளிப்போகிறது, முடி கொட்டுகிறது, தாடையில் ரோமம் முளைக்கிறது, ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) குறைவு, தைராய்டு கோளாறாக இருக்குமோ என்று போன மாதம் எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி.

புது டாக்டரம்மா முதலில் கேட்டது: "முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது சில லேப் கருவிகளில் டிஎஸ்ஹெச் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டுமாம். ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தேன், நார்மல்! தயவுசெய்து டெஸ்டுக்கு முன்னால் இதைச் சொல்லிவிடுங்கள், பலர் கேட்க மாட்டார்கள்.

பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினும் சரியாகவே இருந்தது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மட்டும் கூடுதல். மருத்துவ நிபுணர்கள் 2003இல் வகுத்த ராட்டர்டாம் விதிப்படி மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ்: ஒழுங்கற்ற சுழற்சி, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம். எனக்கு முதல் இரண்டும். ஸ்கேன் சுத்தம்! நீர்க்கட்டி என்று நாம் பயப்படுவது உண்மையில் கட்டியே அல்ல, முதிராத கருமுட்டைப் பைகள்.

பிசிஓஎஸ் இருந்தால் சர்க்கரையும் ஏறலாம் என்பதால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து அதையும் பார்த்தோம், எல்லைக்கோட்டில் நிற்கிறது. இதுதான் எனக்கு இப்போது பெரிய கவலை. அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் ஹார்மோன் டெஸ்டுக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள், அந்த மாத்திரையும் ஹார்மோன் அளவை மாற்றும்.