ட்ரையர் கத்துது: ரோலரோ, புல்லியோ?

கொக்குவிலில இருக்கிறன். மாரி மழைக்குள்ள உடுப்புக் காயிற ட்ரையர் கத்தத் தொடங்கீற்று. 7 கிலோ, சூட்டுக்காத்தைக் குழாயால வெளியில விடுற வகை, 6 வருசப் பழசு. மூண்டு கிழமையா, போட்ட உடன "டக் டக்", பத்து நிமிசத்தில அது குறைஞ்சு கீச்சுச் சத்தம். சூடு குறையேல்லை.

பஞ்சு வடியைத் துப்பரவாக்கினன், மட்டம் பாத்தன். உள்ளுக்க ஒரு அஞ்சு ரூபாக் குத்தி அம்பிட்டுது, எடுத்தும் சத்தம் நிக்கேல்லை. பிளக்கைக் கழட்டிப்போட்டுப் பின்மூடி திறந்தன், பெல்ட் வெடிக்கேல்லை. ட்ரம்மைக் கையால சுத்தினால் பின்பக்கம் இடதுகரையில அதே கீச்சு. அம்மா தேங்காயெண்ணெய் விடச் சொல்லுறா, பஞ்சு ஒட்டுமெண்டு நான் விடேல்லை. ஸ்ரான்லி வீதியில ரெண்டு கடையிலயும் சாமான் இல்லை.

ட்ரம்மைத் தாங்கிற பின் ரோலர் ரெண்டை மட்டும் மாத்தினாக் காணுமோ, பெல்ட் இறுக்கிற புல்லியையும் சேத்து மாத்தோணுமோ?