ஜப்பானிய அமெரிக்கர்கள கேம்ப்ல அடைச்சது பயத்துல மட்டுந்தானா?

திண்ணைவாசி:
ஜப்பானோட போர் நடந்த 1942ல அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066ம் நம்பர் உத்தரவு போட்டதும் மேற்குக் கடற்கரையில இருந்த ஜப்பானிய வம்சாவளிக்காரங்க, சுமார் 1,20,000 பேர், முள்வேலிக்குள்ள போனாங்க. மூணுல ரெண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். உளவு பயம்தான் காரணம்னு படிச்சிருக்கேன். ஆனா ஜப்பான் குண்டு போட்ட ஹவாய்ல இவங்க 1,50,000க்கு மேல இருந்தும் அங்க புடிச்சு வெச்சது 2,000 பேர் கூட இல்லையே, அது ஏன்?

சோளக்கொல்லை:
சரியான எடத்துல கைய வெச்சிருக்கீங்க. ஹவாய்ல மூணுல ஒருத்தருக்கு மேல அவங்கதான், கரும்புத் தோட்டத்துலேர்ந்து தச்சு வேலை வரைக்கும் அவங்க கை இல்லாம ஓடாது, அதனால விட்டுட்டாங்க. கலிபோர்னியாவுல அவங்க கூலியா இல்ல, போட்டியா வளந்துட்டாங்க. 1913லயே அவங்க பேர்ல நிலம் வாங்கக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சு, அதையும் தாண்டி குத்தகைக்கு எடுத்து, அங்க பொறந்த புள்ளைங்க பேர்ல வாங்கி, ஸ்ட்ராபெர்ரி, தக்காளி, செலரின்னு போட்டு சந்தையப் புடிச்சாங்க. கலிபோர்னியாவுல சலினாஸ்ங்கற ஊரு காய்கறி விவசாயிங்க சங்கத்து ஆளு ஒருத்தர் 1942ல சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகைகிட்ட, சுயநலத்துக்காகத்தான் இவங்கள வெரட்டப் பாக்குறோம்னு சொல்றாங்க, ஆமா அதுக்குத்தான்னு வெளிப்படையாவே சொன்னார். இதுல வயிறு எரியற விஷயம், கெளம்புற நாள் வரைக்கும் பயிரப் பாத்துக்கணும், விட்டா நாசவேலைன்னு எடுத்துக்குவோம்னு மிரட்டினாங்க. தண்ணி பாய்ச்சுனவன் ஒருத்தன், அறுத்தவன் வேற ஒருத்தன்.

மழைக்காகம்:
பணத்த மட்டும் சொன்னா பாதிதான் சொன்ன மாதிரி. இனவெறி அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு, 1924லயே ஜப்பான்லேர்ந்து குடியேற வர்றத அடைச்சுட்டாங்க. நெலமே இல்லாத கிழவிங்க, அநாதை ஆசிரமத்துக் கொழந்தைங்களக்கூட விடலையே, அவங்ககிட்ட என்னத்த புடுங்கப் போறாங்க?

சோளக்கொல்லை:
ஒத்துக்கறேன் மழைக்காகம். வெறி இல்லாம அந்த ஆசை மட்டும் சட்டமா ஆகியிருக்காது. ஆனா விவசாயிங்க சங்கங்கள் தந்தி மேல தந்தி அடிச்சு நெருக்குனதும் நடந்ததுதான்.

கடலோரம்:
கனடாவ பாருங்க, இன்னும் அப்பட்டம். அங்கயும் ஜப்பானிய வம்சாவளிக்காரங்கள அடைச்சாங்க, அவங்களோட சுமார் 1,200 மீன்பிடி படகுகள புடுங்குனாங்க. பாதுகாக்கறோம்னு வாங்கிக்கிட்ட வீடு, நெலத்தையெல்லாம் 1943ல சொந்தக்காரங்க சம்மதமே இல்லாம வித்து, அந்தக் காசுலயே அவங்கள அடைச்சு வெச்ச செலவையும் கழிச்சாங்க. எங்க வீட்லயும் படகு இருக்கு, ஒரு படகு வாங்க எத்தன வருஷம் ஆகும்னு தெரிஞ்சவங்களுக்கு இது சும்மா கணக்கு இல்ல.

திண்ணைவாசி:
நன்றிங்க எல்லாருக்கும். தேடுனப்ப பாப் ஃப்ளெட்சர்னு ஒருத்தர பத்தி கெடச்சுது. கலிபோர்னியாவுல ஃப்ளோரின்ங்கற ஊர் பக்கம் வேளாண் ஆய்வாளரா இருந்தவர், அந்த வேலைய விட்டுட்டு மூணு ஜப்பானியக் குடும்பத்தோட திராட்சத் தோட்டத்த பாத்துக்கிட்டார், வரி கட்டினார், கடன் கட்டினார். லாபம் முழுசா எடுத்துக்கச் சொல்லியும் பாதிதான் எடுத்தார். ஊர்ல திட்டுனாங்க, கொட்டகைய நோக்கி சுட்டாங்க. அவங்க திரும்பி வந்தப்ப நெலம் அப்படியே இருந்துச்சு, பேங்க்ல பணமும் இருந்துச்சு.