வி404 சிக்னி: பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிய வெளிச்சம்

கருந்துளையைப் பார்க்க முடியாதுதான். ஆனால் அதைச் சுற்றும் திரள்வட்டின் (அதில் விழப்போகும் வாயு தட்டுபோலச் சுழலும் வட்டு) ஒளி கூடிக் குறைவதை, கேமரா இல்லாமல், 8 அங்குலத் தொலைநோக்கியில் கண் வைத்தே பார்த்திருக்கிறேன். 2015 ஜூன், அன்னம் விண்மீன் மண்டலத்தில் உள்ள வி404 சிக்னி என்ற கருந்துளை.

ஜூன் 15-இல் ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் அதன் எக்ஸ் கதிர்ச் சீற்றத்தைப் பிடித்தது. சாதாரண நாளில் அதன் ஒளி 18 மேக்னிட்யூடுக்கும் கீழே (இந்த ஒளி அளவில் எண் கூடக் கூட மங்கல்), நம் கருவிகளுக்கு எட்டாது. சீற்றத்தில் 11, 12 வரை ஏறிவிட்டது. ஊர் வீட்டு மொட்டை மாடியில், நள்ளிரவுக்கு மேல் அன்னம் நன்றாக ஏறிய பிறகு பார்க்கத் தொடங்கினேன். முதலில், ஒளியை ஒப்பிட்டு அளக்க வரைபடத்தில் குறித்திருந்த, ஒளி மாறாத ஒப்பீட்டு விண்மீன்களில் பிரகாசமானதற்கு இணையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மங்கத் தொடங்கி, மங்கலானதற்கும் கீழே போனது. மேகமோ என்று பார்த்தால், பக்கத்து விண்மீன்கள் எதிலும் மாற்றமில்லை. அப்புறம் அது மறுபடி ஏறியது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

சூரியனைப் போல் 9 மடங்கு நிறையுள்ள கருந்துளை அது. சூரியனைவிட நிறை குறைந்த துணை விண்மீன் ஒன்று ஆறரை நாளுக்கொரு முறை அதைச் சுற்றுகிறது. அதிலிருந்து வழியும் வாயு நேரே உள்ளே விழாமல் வட்டில் ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. வட்டு சூடேறி, ஹைட்ரஜன் அயனியாகும் (அணுவிலிருந்து எலக்ட்ரான் பிரியும்) நிலையைத் தொட்டதும் பாகுநிலை, அதாவது வாயு அடுக்குகளுக்கிடையிலான உராய்வு, கூடி, வாயு உள்நோக்கிப் பாய்கிறது. 1989-க்குப் பிறகு அப்போதுதான் விழித்தது. உள்வட்டின் எக்ஸ் கதிர்கள் வெளிவட்டைச் சூடாக்குவதால் வரும் ஒளியும் நமக்குத் தெரிவதில் சேர்த்தி.

என்னை இன்றும் விடாதது, 2016-இல் மரிகோ கிமுரா குழு 'நேச்சர்' இதழில் எழுதியதுதான். பல நாட்டுச் சிறு தொலைநோக்கிகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஏற்ற இறக்கம் 100 நொடி முதல் இரண்டரை மணி வரையிலான கால அளவுகளில் ஒரே பாணியில் திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஜிஆர்எஸ் 1915+105 என்ற வேறொரு கருந்துளையில் எக்ஸ் கதிரில் இதுபோன்றதைக் கண்டபோது, வாயு மிக வேகமாக விழுந்தால்தான் இப்படி நடக்கும் என்று நினைத்திருந்தார்கள். இங்கே அதைவிடக் குறைந்த வேகத்திலேயே நடந்தது. வட்டு அவ்வளவு பெரியது; உள்பகுதிக்கு வாயு சீராக வந்து சேர முடிவதில்லை என்பது அவர்கள் விளக்கம்.

இரண்டு வாரத்தில் அடங்கிவிட்டது. டிசம்பரில் சிறிதாக ஒருமுறை மீண்டும் சீறியது. 2018-இல் மேக்ஸி ஜே1820+070 என்ற இன்னொரு கருந்துளையும் 12 மேக்னிட்யூட் அளவுக்கு வந்தது. அதைப் பார்த்தவர்கள் நேரத்தை நொடிவரை குறித்திருந்தால் தயவுசெய்து பகிருங்கள். "இரவு ஒரு மணி வாக்கில்" என்ற குறிப்பை வைத்து இந்த வேகமான மாற்றங்களை ஒப்பிட முடியாது.